பதினேழு ஒன்றுகள்

பனியன் பெட்டிக்குள் செருகும் அட்டைக்கு ஒரு வாசம் உண்டு. பாதி பசை, பாதி மெஷின் எண்ணெய். ராயபுரத்து வீட்டின் முன்னறையில், பிறர் சாமி படம் வைக்கும் அலமாரியில், நான் அந்த அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் மூக்கைச் சுளித்து, “ஏனுங்க, ஊட்லயே பேக்கிங் எடுத்துப் பண்றீங்களா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்று காலை ஓர் அட்டை எழுதினேன். அதை மட்டும் அலமாரியில் சேர்க்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன். நீ போய் ஓராண்டு கடந்துவிட்டது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி நாம் இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். சிரித்தது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தச் செய்தியைச் சொல்ல, இவ்வளவு நெரிசலான ஊரில், உன்னைத் தவிர ஒருத்தியும் இல்லை. உன் அட்டைகளைத் தள்ளிவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற வழக்கு இன்று முடிந்தது. தீர்ப்பைக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

கோயம்புத்தூரில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தபோது நாம் ஒரே பெஞ்சு. நான் குண்டடத்து மானாவாரிக் காட்டுக்காரர் மகள். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன், வீட்டில் நம்பவில்லை, மறுமுறை சத்தமாகச் சொன்னேன், நம்பினார்கள். இந்த ஊர்ப் பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனேன். நீ சேவூர்க் குடும்பத்துக்கு மருமகளாகப் போனாய். கிணறு வற்றியதும் அந்தக் குடும்பம் காட்டில் ஒரு பகுதியை விற்று நிட்டிங் மெஷின் வாங்கியது. நீ கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்தாய். வகுப்பில் முதலாவதாக வந்தவள் நூல் கோன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நம் பேராசிரியர் வருந்தியதை உன்னிடம் வந்து சொன்னேன். “அவருக்கு வருத்தப்பட வேற ஆள் கெடைக்கலீங்களா?” என்று கேட்டாய். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

நம் எண் பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏற்றுமதி சூடு பிடித்திருந்த காலம். கல்லூரிக்கு விடுமுறை, உன்னைப் பார்க்கக் கம்பெனிக்கு வந்தேன். உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த வட்ட மெஷினில் தொண்ணூற்றாறு ஃபீடர், அதாவது நூல் ஊட்டும் வாய்கள். ஒவ்வொரு ஃபீடரும் மெஷின் ஒரு சுற்றுச் சுற்றும்போது துணியில் ஒரு வரிசை பின்னும் என்பது இந்த ஊரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்திருந்தது: பல நிறப் பட்டை, பதினேழு வரிசைக்கு ஒருமுறை அதே பட்டை திரும்ப வரவேண்டும். உன் வீட்டுக்காரர் தொண்ணூற்றாறிலும் நூல் மாட்டச் சொல்லியிருந்தார். மெஷினிலிருந்து இறங்கிய துணி ரோல் முழுக்க ஒரே கோளாறு.

நிட்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர். தலையைச் சொறிந்தபடி நின்றார். “மொதலாளி சொன்னாவன்னுதாம்மா எல்லாத்துலயும் மாட்டினேன். பட்டை அஞ்சு சரியா வருது, ஆறாவது பாதியில அறுந்து போவுது. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல பாத்துக்கிடுங்க.”

“மாஸ்டர், பதினேழ அஞ்சு தடவ வெச்சா எத்தனைங்க?” என்றாய்.

“எம்பத்தஞ்சும்மா.”

“மிச்சம் பதினொண்ணு. அதுலயும் நூலு மாட்டுனா, ஆறாவது பட்ட பதினொண்ணாவது வரிசையில நின்னுபோயி, அடுத்த சுத்துல மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். துணிக்கு விக்கலு வந்த மாதிரி. எம்பத்தஞ்ச ஓட்டுங்க, பதினொண்ண நிறுத்துங்க.”

உன் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “தொண்ணூத்தாறுக்குக் காசு குடுத்து வாங்கியிருக்கறேன். பதினொண்ணு சும்மா நின்னுட்டு வேடிக்கை பாக்கறதுக்கா? படிச்ச புள்ளையக் கட்டுனா மெஷின் நிக்கும்னு எங்கய்யன் அப்பவே சொன்னாரு.”

“நிக்கறது பதினொண்ணுங்க, ஓடறது எம்பத்தஞ்சுங்க. உங்கய்யனுக்குக் கழித்தல் வராதுங்களா?”

மாஸ்டர் சிரிப்பை மறைக்க நூல் கோன் ஒன்றைக் குனிந்து எடுத்தார். நீ மாஸ்டருக்குக் காட்டுவதற்காகச் சாக்பீஸால் சுவரில் பதினேழு கோடு கிழித்தாய். ஒவ்வொன்றுக்கும் கீழே நிறத்தின் பெயரை எழுதினாய். அவர்கள் போன பிறகும் நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக, நெருக்கமாக, பதினேழு ஒன்றுகள்: 11111111111111111.

“இது பகா எண்ணாத்தான் இருக்கும்,” என்றேன்.

“ஒடையும்,” என்றாய். யோசிக்கவே இல்லை.

“எதை வெச்சுச் சொல்றே?”

“மூணு ஒன்னு மூணால போகுது. அஞ்சு ஒன்னு நாப்பத்தொண்ணால போகுது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாமே ஒடையுது. இது மட்டும் என்ன கொம்பா மொளைச்சு நிக்குது?”

இது வாதம் இல்லை, வெறும் பழக்கதோஷம் என்று சொன்னேன். ஐந்து உடைந்தன என்பதால் ஆறாவதும் உடையும் என்று நம்பினால் தேர்வில் சுழியம் கிடைக்கும். நீ ஏற்றுக்கொண்டாய். ஏற்றுக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் என்னைக் கூப்பிடவே இல்லை. பிறகு ஒரு கட்டு அட்டைகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

ஒரு பெரிய எண் உடையும் என்று காட்டுவதற்கு அதை உடைக்க வேண்டியதில்லை. இது மாணவிகள் நம்ப மறுக்கும் விஷயங்களில் ஒன்று. இரண்டை எடுத்துக்கொண்டு, நம் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு அதை உயர்த்த வேண்டும். ஒவ்வொரு படியிலும் நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் ஐம்பது அறுபது படிகளில் வேலை முடியும்; ஆனால் ஒவ்வொரு படியும் பதினேழு இலக்கத்தைப் பதினேழு இலக்கத்தால் பெருக்குவது. எண் பகா எண்ணாக இருந்தால் கடைசி மீதி ஒன்று. வேறு எது வந்தாலும் அது பகு எண். உனக்கு ஒன்று வரவில்லை. இருமுறை போட்டிருந்தாய்; இருமுறையும் ஒரே நீண்ட, அசிங்கமான மீதி. நான் முழுவதையும் சரிபார்த்தேன். பிழை இல்லை.

“ஒடையும்னு தெரிஞ்சுபோச்சு. எங்கன்னு மட்டும் தெரியலை. அவ்வளவுதானுங்க பாக்கி,” என்றாய்.

அவ்வளவுதான் பாக்கி என்று நீ சொன்னதற்கு நாம் முப்பது ஆண்டுக்கு மேல் கொடுத்தோம்.

சல்லடை போட்டுக்கொள்ளாமல் இறங்க நாம் மடைச்சிகள் அல்ல. பதினேழு ஒன்றுகளை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் முப்பத்துநான்கால் வகுக்கும்போது ஒன்றை மீதியாகத் தந்தே ஆகவேண்டும். இது நாம் பெஞ்சில் படித்த தேற்றம். சாய ஆலை வாசலில் துணிக்குக் காத்திருந்த ஒரு பகலில் நீ இரண்டாவது சல்லடையைக் கண்டுபிடித்தாய்: நாற்பதால் வகுத்தால் குறிப்பிட்ட எட்டு மீதிகளில் ஒன்று வந்தால் மட்டும் போதும், மற்றவற்றைத் தொடவே வேண்டாம். வேலை பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியை நாம் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். நாற்பதால் வகுத்த மீதி இருபதுக்குள் நின்றால் என் பங்கு. இருபதைத் தாண்டினால் உன் பங்கு.

விதிகள் மூன்று. தாளும் பேனாவும் மட்டும். ஒருத்தி போட்ட வகுத்தலை மற்றவள் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. புத்தகத்தைத் திறக்கக் கூடாது. எங்கள் கல்லூரிக்குக் கணிப்பொறி வந்த வருஷம் நான் மெல்ல அந்தப் பேச்சை எடுத்தபோது நீ சொன்னது: “யாரோ எப்பவோ ஒடைச்சிருப்பாங்க. அவுங்க தின்ன சோத்துல நம்ம வயிறு ரொம்புமா?”

கம்பெனியில் வீணாகும் அட்டைகள் நமக்குத் தாளாயின. அட்டைக்கு ஒரு வகுத்தல். மேலே வகுக்கும் எண், நடுவில் நெடிய படிக்கட்டு, அடியில் மீதி, அதன் பக்கத்தில் “இல்லை” என்ற ஒரு சொல். அதற்கும் கீழே ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒன்பதால் சோதித்த இலக்கம்: ஈவின் இலக்கங்களைக் கூட்டி, வகுக்கும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, இரண்டையும் பெருக்கி, மீதியின் கூட்டலைச் சேர்த்து, ஓர் இலக்கமாகச் சுருக்கினால் எட்டு வரவேண்டும். பதினேழு ஒன்றுகளின் கூட்டல் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு வராவிட்டால் எங்கோ பிழை; முதலிலிருந்து போட வேண்டும். அந்த ஆண்டுகளில் வட்டத்துக்குள் எட்டு இல்லாத அட்டையை நீ ஒருபோதும் அனுப்பியதில்லை. நானும் இல்லை.

சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்ததும் உன் டிரைவர் உன் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அலமாரி என் வீட்டில் இருந்ததால் எல்லாம் இங்கேதான் சேர்ந்தன. பிறகு போன் வரும்.

“ஏனுங்க லெக்சரரம்மா, மீதி வந்துச்சுங்களா?”

“வந்துச்சுங்க மொதலாளியம்மா. உங்களுக்குங்க?”

“வராமப் போகுமுங்களா?”

பெஞ்சில் ‘வாடி போடி’ என்று பேசிக்கொண்டவர்கள் இப்படி மரியாதையைக் கொட்டிக்கொள்வதைக் கேட்டு உன் நாத்தனார் நமக்குள் மனத்தாங்கல் என்று முடிவு கட்டிவிட்டாள். நாம் திருத்தவில்லை.

எல்லாருக்கும் நேர்ந்தவை நமக்கும் இடையில் நேர்ந்தன. நொய்யலில் சாயம் ஓடியது, ஆலைகள் மூடின, திறந்தன. உன் வீட்டுக்காரர் காலமானார். உன் மகன் பொறுப்பேற்றான். மாஸ்டர் ஊருக்குப் போனார். ஒடிசாப் பையன்கள் மெஷின் முன் நின்றார்கள். நான் ஓய்வு பெற்றேன். என் கடைசி வகுப்பில் இருந்த பெண்களில் பாதிப்பேர் ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கிறார்கள். எதற்காகவும் சனிக்கிழமை அட்டை நின்றதில்லை. ஒரு வாரம் மூன்று, ஒரு வாரம் ஒன்று. சில வாரம் வெறும் மன்னிப்பு எழுதிய அட்டை. நம் ஆயுளுக்குள் முடியும் என்ற உறுதி நமக்கு என்றுமே இருந்ததில்லை. அந்த எண்ணின் வர்க்கமூலம் பத்துக் கோடியைத் தாண்டும். சிறிய காரணி அதுவரை எங்கேயும் ஒளிந்திருக்கலாம். “அதுக்கென்னங்க இப்போ?” என்பாய்.

பிறகு உனக்கு மறதி வந்தது. அதை நான் அலங்காரமாக எழுதப்போவதில்லை. சொந்தக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு வழி தெரியாமல் நின்றாய்; வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன வடநாட்டுப் பெண் ஒருத்தி, “ஆயியே அம்மா,” என்று உன் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அடுத்த முறை நான் வந்தபோது நீ என்னை மிகுந்த மரியாதையோடு வரவேற்றாய்.

“உங்களைப் பார்த்த மாதிரியே இருக்குதுங்க. எந்தூருங்க?”

“குண்டடமுங்க.”

“அப்படிங்களா! அங்க எனக்கொரு சிநேகிதி இருக்கறா. பெரிய லெக்சரரு. பகா எண்ணுன்னு சாதிப்பா, கேக்க மாட்டா. அவளப் பாத்தீங்கன்னா, மீதி வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க.”

“வந்துச்சாமுங்க,” என்றேன். “உங்களுக்கு வந்துச்சான்னு அவ கேட்டாளுங்க.”

“வராமப் போகுமுங்களா?” என்றாய். உன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துவிட்டு நான் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

அட்டைகள் மட்டும் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாக வந்தன. காலையில் பல் துலக்குவதை நினைவூட்ட வேண்டியிருந்தது, ஆனால் அடுத்த வகுக்கும் எண் எது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று உன் மருமகள் சொன்னாள். என்னைக் கடந்து வெகுதூரம் முன்னால் போய்விட்டாய். எப்போதும் நீதான் வேகம்.

சென்ற ஆண்டு ஆடியில் போனாய். நான் அழவில்லை என்று உன் நாத்தனார் ஊர் முழுக்கச் சொன்னாள். சொல்லட்டும், அவள் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து உன் மகன் ஒரு பையோடு வந்தான். “பெரீம்மா, இது அம்மா மேசையில இருந்துச்சுங்க. வேஸ்ட்ல போட மனசு வரலீங்க.” உள்ளே கடைசி அட்டைகள். அப்படியே விட்டிருந்தால் நல்ல பிள்ளை. “அந்த நம்பரச் சொல்லுங்க பெரீம்மா, போன்ல போட்டா ஒரே செகண்டுங்க,” என்றான்.

“போனை வாசல்ல வெச்சுட்டு உள்ள வா கண்ணு, காப்பி குடிக்கலாம்.”

சிரித்தான். காப்பி குடித்தான். போகும்போது நின்றான். “தப்பா நினைச்சுக்காதீங்க. அம்மா கடைசியில போட்டதையெல்லாம் கணக்குல எடுத்துக்காதீங்க. எம் பேரே அவுங்களுக்கு ஞாபகமில்லீங்க. அதைய வெச்சு நீங்க ஏமாந்துறக் கூடாதுல்லீங்க?”

அவன் போன பிறகு பையைக் கொட்டினேன். உன் வகுத்தலைத் திரும்பப் போடக் கூடாது என்பதுதான் விதி. வட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று இல்லை. மேலிருந்த அட்டையில் வட்டத்துக்குள் ஐந்து. அடுத்ததில் எட்டு. அதற்கடுத்ததில் இரண்டு. அலமாரியில் ஏற்கெனவே வட்டத்தைப் பார்க்காமலே அடுக்கியிருந்தவற்றையும் எடுத்துப் பார்த்தேன்; அங்கங்கே ஏழு, ஒன்று, நான்கு. நீ வட்டம் போட்டாய், உள்ளே வந்த இலக்கத்தை நேர்மையாக எழுதினாய், ஆனால் அது எட்டாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டாய். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உன் நெடிய கையெழுத்தில், கொஞ்சமும் தயங்காத ஓர் “இல்லை”.

இதன் பொருள் எனக்குத் தெரியும். பிழையான வகுத்தல் தந்த “இல்லை” வெறும் பேச்சு. நம் காரணி அந்த அட்டைகளில் ஒன்றின் தலையில் இருந்திருக்கலாம். நீ அதைக் கையில் பிடித்து, தவறாக வகுத்து, இல்லை என்று எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கலாம். அப்படியென்றால் அதற்குப் பின்னால் நாம் இருவரும் தேடுவது காலி இடத்தில் தேடுவது. உன் மகன் சொன்னதுதான் முறை: கடைசிக் காலத்தது எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். எங்கிருந்து தள்ளுவது? எட்டு வந்த அட்டையிலும் பிழை ஒளிந்திருக்கலாம். ஒன்பதுச் சோதனைக்குச் சிக்காத பிழைகள் உண்டு.

தள்ளுவதில்லை என்று முடிவு செய்தேன். முதலில் என் பங்கை, நீ எட்டிய எல்லைவரை கொண்டுவந்து நிறுத்துவது. பிறகு, வட்டத்துக்குள் எட்டு முதலில் தவறிய இடத்திலிருந்து உன் பங்கு முழுவதையும் நானே திரும்பப் போடுவது. நீ உயிரோடு இருந்தவரை விதி இருவருக்கும் பொது. நீ போன பிறகு உன் பாதியின் மானம் என் பொறுப்பு. என் கண்ணில் லென்ஸ் வைத்த பெண் டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் படிக்கலாம் என்றார். நான் படிக்கவில்லை, வகுக்கிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை புரியவில்லை.

ஓராண்டாக நாள் தவறாமல் உட்கார்ந்தேன். கரண்ட் போனால் ஜன்னலோரம். தெருவில் கட்டிங் வேஸ்ட் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும், பழகிவிட்டது. இல்லை, இல்லை, இல்லை. உன் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தேன். இன்று காலை எடுத்த எண் 2071723. ஏழு இலக்கம், பார்வைக்கு ஒரு சிறப்பும் இல்லாதது. நாற்பதால் வகுத்தால் மீதி மூன்று. எனவே என் பங்கு.

வகுத்தேன். படிக்கட்டு இறங்கி முடிந்தது. அடியில் எதுவும் மிஞ்சவில்லை.

நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். இந்த வயதில் அதுதான் நியாயம். இன்னோர் அட்டை எடுத்து, வந்த ஈவை, 5363222357 என்பதை, 2071723 ஆல் திரும்பப் பெருக்கினேன். வலப்பக்கத்திலிருந்து கூட்டினேன். ஒன்று. அடுத்த பத்தியில் ஒன்று. அடுத்ததில் ஒன்று. ஆறேழு ஒன்றுகள் வந்த பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மற்றவையும் ஒன்றுகளாகவே வந்தன. பதினேழு. உன் வீட்டுக்காரரின் சுவரில் நீ கிழித்தது போலவே நேராக நின்றன.

உடைந்தது. நீ சொன்னாய், உடைந்தது.

சந்தோஷம் வந்தது, ஆனால் அதைவிட முன்னால் அடுத்த கேள்வி வந்தது. சிறிய துண்டு பகா எண்தான்; அதை உடைக்கும் எதுவும் நம் பழைய அட்டைகளிலேயே சிக்கியிருக்கும். பெரிய துண்டு? அதுவும் இனி உடையாததுதானா? அது உடைய வேண்டுமானால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி இருக்க வேண்டும். வர்க்கமூலம் எழுபத்துமூவாயிரத்துச் சொச்சம். பெரிய துண்டை வகுக்கும் எதுவும் நம் பதினேழு ஒன்றுகளையும் வகுக்கும். எழுபத்துமூவாயிரம் வரை நம் இருவரின் அட்டைகளும் என்ன சொல்கின்றன?

அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன். அது நம் தொடக்க ஆண்டுகள். உன் மகன் பள்ளிக்கூடம் போன காலம். உன் தலையில் ஒரு வெள்ளை முடி இல்லாத காலம். என் அட்டைகளில் இல்லை. உன் அட்டைகளில் இல்லை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எட்டு, கல்லில் வெட்டியது போல. புதிதாக ஒரு வகுத்தல்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. அப்போது நாம் தோல்வி என்று எண்ணி அடுக்கி வைத்த இல்லைகளே இப்போது நிரூபணம். பெரிய துண்டு பகா எண்.

அப்படியானால் பதினேழு ஒன்றுகளை வகுக்கும் பகா எண்கள் இரண்டே இரண்டு. வேறு எதுவும் அதை வகுக்காது, வகுக்க முடியாது. அந்த இரண்டில் ஒன்றுகூட உன் அட்டை எதன் தலையிலும் இல்லை. இப்போது உன் கடைசிப் பைக்கு வா. வட்டத்துக்குள் ஐந்து போட்ட அட்டை, இரண்டு போட்ட அட்டை, என் முகம் மறந்த வாரத்தில் நீ எழுதிய அட்டை: எல்லாவற்றிலும் “இல்லை” என்று எழுதியிருக்கிறாய். எல்லாமே உண்மை. கணக்கில் பிழை உண்டு. விடையில் பிழை இல்லை. என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன், உனக்கும் குறைத்துவிட்டேன். ஆனால் ஓர் அட்டையைக்கூடத் தள்ள எனக்கு அதிகாரம் இல்லை. இது நட்புக்காகக் கொடுத்த சலுகை அல்ல. எனக்குச் சலுகை கொடுக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்தேன். பெரிய துண்டை நாற்பதால் வகுத்தேன். மீதி முப்பத்தேழு. இருபதைத் தாண்டியது. சிறியது என் பங்கில் கிடந்தது, பெரியது உன் பங்கில். உன் வேகத்துக்கும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆனாலும் அது உன்னுடையது. அட்டையில் உன் பெயரில்தான் எழுதியிருக்கிறேன்.

உன் மகனைக் கூப்பிட்டேன். “கண்ணு, ஒடைஞ்சிருச்சு.”

“ஐயோ, எங்கீங்க பெரீம்மா? இடுப்புங்களா? அசையாம இருங்க, வண்டி அனுப்பறேன்!”

“இடுப்பு நல்லாத்தான் இருக்குது. உங்கம்மா நம்பரு ஒடைஞ்சிருச்சு. அவ கடைசியில போட்டது ஒண்ணுகூட வேஸ்ட் இல்லை. நிரூபிச்சுட்டேன். வேணும்னா இப்ப உன் போன்ல போட்டுப் பாத்துக்க.”

பின்னால் ஓடிய மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். பிறகு, “போன்ல எதுக்குங்க,” என்றான். யாரிடமோ பேனா கேட்டு வாங்கிக்கொண்டு, “அம்மாளுது எதுங்க பெரீம்மா?” என்றான். சொன்னேன். ஆர்டர் எண்ணைக் குறித்துக்கொள்வது போல் இரண்டிரண்டு இலக்கமாக எழுதிக்கொண்டு திரும்ப வாசித்தான். நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாகச் சொன்னான். திருத்தினேன். மறுபடி வாசித்தான். சரியாக இருந்தது.

இதுதான் தீர்ப்பு. மேசைமேல் இருக்கும் அட்டையை இன்று அலமாரியில் வைத்துவிடுவேன். பக்கத்தில் ஒரு புதுக் கட்டு இருக்கிறது. மேல் அட்டையில் பத்தொன்பது ஒன்றுகளை எழுதிவிட்டேன். நீ இருந்தால், “ஒடையும்” என்பாய். நான் உடையாது என்கிறேன். என் பக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பிடிவாதம் மட்டும் இருக்கிறது. முதல் வேலை இரண்டை வர்க்கப்படுத்திக்கொண்டே போவது. சென்ற முறை அது உன் மழைக்காலத்தைத் தின்றது. என்னிடம் எத்தனை மழைக்காலம் இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம், அதுக்கென்னங்க இப்போ?

ஒரே ஒரு சிக்கல். பத்தொன்பது ஒன்றுகளின் கூட்டல் பத்தொன்பது, சுருக்கினால் ஒன்று. இனி வட்டத்துக்குள் வரவேண்டியது ஒன்று, எட்டு அல்ல. கை தானாக எட்டு போடப் பார்க்கும். இன்று மதியம் சும்மா ஒரு வட்டம் வரைந்து பார்த்தேன், கை எட்டைப் போட்டே விட்டது. அடித்துவிட்டு ஒன்று எழுதினேன்.